உங்களைத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்

கேள்வி: எனக்கு 59 வயது. மேடை நாடகத்தில் தொடங்கி 27 வருடமாகச் சினிமாவிலும் சீரியலிலும் நடிக்கிறேன். அப்பா, நீதிபதி, டாக்டர், தலைமை ஆசிரியர், போலீஸ் அதிகாரி எல்லாம் செய்தாகிவிட்டது. தெருவில் பார்ப்பவர்களுக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. இரண்டு வருடமாக அழைப்புகள் குறைந்துவிட்டன. போன மாதம் ஒரு படக் கம்பெனியிலிருந்து பேசிய இளைஞர், "ஒரு ஆடிஷன் வீடியோ அனுப்புங்க சார்" என்றார். 27 வருடத்துக்குப் பிறகு ஆடிஷனா என்று கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். இப்போது ஒரு தினசரித் தொடரில் கதாநாயகியின் தாத்தா வேடம் வந்திருக்கிறது. மாதம் 15 நாள் கேட்கிறார்கள். அதே நேரத்தில் ஒரு புது இயக்குநர், தன் முதல் படத்தில் நான்கு காட்சி தருகிறேன் என்கிறார். என் மகன், "போதும்ப்பா, ஓய்வெடுங்க" என்கிறான். என் நடிப்பு பழசாகிவிட்டதா? எதை ஒப்புக்கொள்வது?

பதில்:

சார், வணக்கம்.

முதலில் அந்த இளைஞருக்குத் திரும்பப் போன் செய்யுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடித்துவிட்டுச் செய்தாலும் சரி, ஆனால் இன்றைக்கே செய்யுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நடிகர்களைத் தேர்வு செய்வது என் தொழில். உதவி இயக்குநராகத் தொடங்கி இந்தப் பக்கம் வந்தவள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. இதே கதையை வேறு வேறு குரல்களில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லோருமே கடைசியில் "என் நடிப்பு பழசாகிவிட்டதா?" என்றுதான் கேட்பார்கள். எல்லோருக்கும் வயது 55-லிருந்து 65-க்குள் இருக்கும்.

இந்த வயதில் இந்தக் கேள்வி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. குணச்சித்திர நடிகரின் பிழைப்பு ரசிகர்கள் கையில் இல்லை. நீதிபதியாக யார் வருகிறார் என்று பார்த்து யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. உங்களுக்கு வேடங்கள் கிடைத்தது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். கதை விவாதம் நடக்கும் அறையில், "அந்த மாமனார் வேடத்துக்கு யாரைப் போடலாம்?" என்று ஒரு கேள்வி விழும். ஒரு கோ-டைரக்டரோ மேனேஜரோ, "அவர் இருக்காரே சார், சொன்ன நேரத்துக்கு வந்துடுவார், தொந்தரவு இல்லாத மனுஷன்" என்பார். அவ்வளவுதான், முடிந்தது. கதாநாயகியை மூன்று மாதம் தேடுவார்கள். கதாநாயகியின் அப்பாவுக்கு அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தில் உங்கள் பெயரைச் சொல்ல அறையில் ஒரு ஆள் இருந்தார். 27 வருடத்தில் அப்படி ஒரு 15, 20 பேர் உங்களுக்கு இருந்திருப்பார்கள்.

உங்களோடு சேர்ந்து அவர்களுக்கும் வயதாகிவிட்டது. சிலர் தொழிலை விட்டுவிட்டார்கள். சிலர் ஒரு படம் இயக்கி அது ஓடாமல் வீட்டில் இருக்கிறார்கள். சிலர் இப்போது உயிரோடு இல்லை. அந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவருக்கு 26 வயது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர் உங்களை டிவியில் பார்த்திருப்பார். உங்களை நேரில் பார்த்தால் "அட, சார்!" என்று எழுந்து நிற்பார். ஆனால் விவாத அறையில் "யாரைப் போடலாம்?" என்ற கேள்வி வரும்போது உங்கள் பெயர் அவர் வாயில் வராது. பெயர் தெரிந்தால்தானே வரும்?

ஒரு வேலை செய்யுங்கள். கடந்த பத்து வருடத்தில் நடித்தவற்றை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களுக்குப் போன் செய்தவரின் பெயரைப் போடுங்கள். இயக்குநர் பெயர் வேண்டாம், போன் செய்தவர் பெயர். அதே ஏழெட்டுப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும் என்பது என் ஊகம். அவர்களில் இன்னும் வேலையில் இருப்பவர்களை எண்ணுங்கள். உங்களுக்கு ஏன் அழைப்பு குறைந்தது என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் நடிப்பை அதில் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

ஆடிஷன் கேட்ட அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்களுக்கு நடிக்கத் தெரியுமா என்று சோதிக்கவில்லை. அது அவருக்கே தெரியும், இல்லாவிட்டால் உங்கள் நம்பரைத் தேடிப் பிடித்திருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது வேறு. இன்றைக்கு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், குரல் எப்படி இருக்கிறது, உங்களுக்கு மகனாகப் போட்டிருக்கும் நடிகர் பக்கத்தில் நின்றால் அப்பா மாதிரி தெரிவீர்களா, இவ்வளவுதான் கேள்வி. அந்த வீடியோவை அவர் இயக்குநரிடம் காட்டுவார், இயக்குநர் தயாரிப்பாளரிடம் காட்டுவார். முன்பு உங்களுக்காக ஒரு கோ-டைரக்டர் பேசினார். இப்போது அந்த அறையில் உங்களுக்காகப் பேச அந்த ஒன்றரை நிமிட வீடியோதான் இருக்கிறது. அதையும் அனுப்ப மாட்டேன் என்றால் யார்தான் பேசுவது?

என் பக்கத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு படத்துக்கு ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் வேடம். தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நடிகரின் ஆல்பம் கையில் இருந்தது. கறுகறுவென்று முடி, முறுக்கு மீசை, பார்த்தால் 45 சொல்லலாம். ஒதுக்கி வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து இயக்குநர் அவரையே ஒரு டப்பிங் தியேட்டர் வாசலில் பார்த்திருக்கிறார். தலை முழுக்க நரை, மூக்கு நுனியில் கண்ணாடி, கொஞ்சம் கூன். "இவரை ஏன் எனக்குக் காட்டவே இல்லை?" என்று என்னைக் கேட்டார். அதற்குள் வேறொருவருக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ஆல்பத்தில் இருந்த படம் ஒன்பது வருடம் பழையது. அவருக்கு வேடம் போனது, எனக்கு மானம் போனது.

நீங்கள் முடிக்குச் சாயம் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. போடுகிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து புதுப் படங்கள் எடுங்கள். இளைஞர்களுக்கு வயதான வேடம் போட எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது தெரியுமா? ஜப்பானிய நடிகர் ரியூ சிஷு 1953-இல் இயக்குநர் ஓசுவின் படமொன்றில் 70 வயது அப்பாவாக நடித்தபோது அவருக்கு 49 வயது. மகளாக நடித்த சுகிமுரா ஹருகோ அவரைவிட ஐந்து வயதுகூட இளையவர் இல்லை. இன்னொரு ஜப்பானிய நடிகை கிகி கிரின் 1974-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் பாட்டியாக வந்தபோது அவருக்கு வெறும் 31. அவர்கள் நடையிலும் முதுகிலும் உழைத்துக் கொண்டுவந்த வயது உங்களுக்குத் தானாக வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் போய் ஏன் மறைக்கிறீர்கள்?

வீடியோ எடுக்க ஸ்டுடியோ வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி, வெறும் சுவருக்கு முன்னால் உட்காருங்கள். பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டுங்கள். அப்புறம் இரண்டு துண்டு நடிப்பு. ஒன்றில் வசனம் பேசுங்கள். இன்னொன்றில் யாரோ உங்களிடம் ஒரு கெட்ட செய்தி சொல்கிறார்கள், நீங்கள் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். பழைய படங்களிலிருந்து சல்யூட் அடிக்கும் காட்சிகளாகப் பொறுக்கிச் சேர்த்து, பின்னணி இசை போட்டு ஐந்து நிமிடத்துக்கு அனுப்பாதீர்கள். அப்படி வருவதை முப்பது விநாடிக்கு மேல் நாங்கள் பார்ப்பதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இந்தக் கேட்கும் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும். குணச்சித்திர நடிகரின் தொழிலில் பாதி கேட்பதுதான். நாயகன் பேசுகிறான், அப்பா கேட்கிறார். குற்றவாளி கதறுகிறான், நீதிபதி கேட்கிறார். எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து பார்த்தால்தான் இதன் அருமை புரியும். ஹீரோவின் நீளமான வசனத்தை எங்கே வெட்டுவது என்று எடிட்டர் திணறும்போது, எதிரில் நிற்பவரின் முகத்தில் ஏதாவது நடந்திருந்தால் அங்கே போய்த் தப்பித்துக்கொள்வார். ஒன்றும் நடக்காத முகத்துக்குப் போக முடியாது. நாலு வரி வசனமே உள்ள ஒருவர் படம் முழுக்க இருப்பதுபோல ஒரு நினைப்பு வருவதும், முழு நீள வேடம் செய்த இன்னொருவர் மனதில் நிற்காமல் போவதும் இதனால்தான்.

இதிலும் ஒரு கொடுமை உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. ஹீரோவின் க்ளோசப் எல்லாம் முதலில் எடுத்துவிடுவார்கள். அவர் கிளம்பிப் போவார். மாலை வெளிச்சம் போகிற நேரத்தில், "சார், உங்க ரியாக்‌ஷன் மட்டும்" என்பார்கள். எதிரில் ஹீரோ இருக்க மாட்டார். ஒரு உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் கையை மடக்கி, "இங்கே லுக் கொடுங்க சார்" என்று காட்டிக்கொண்டே ஹீரோ வசனத்தைக் கணக்குப் பாடம் மாதிரி ஒப்பிப்பார். அந்த மடக்கிய கையைப் பார்த்து, மகனைப் பறிகொடுத்த அப்பாவாக நீங்கள் உடைய வேண்டும். காலையில் எந்த வார்த்தைக்குக் கண்ணாடியைக் கழற்றினீர்களோ அதே வார்த்தைக்குக் கழற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் ஷாட் ஒட்டாது. இதை 27 வருடம் செய்த ஒருவர், 26 வயதுப் பையன் ஆடிஷன் கேட்டான் என்பதற்காக ஏன் பதறுகிறார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, நடிப்பு பழசாகவே இல்லையா என்று கேட்டால், ஒன்றை மட்டும் சந்தேகப்படுகிறேன். உங்களுக்கு ப்ராம்ப்டிங் பழக்கம் உண்டா? தினசரித் தொடர்களில் பக்கம் பக்கமாக வசனம் வரும், படித்து வைக்க நேரம் இருக்காது, கேமராவுக்குப் பின்னால் ஒருவர் சொல்லச் சொல்ல வாங்கிப் பேசுவோம். பின்னால் டப்பிங்கில் சரி செய்துகொள்ளலாம். இப்போது நிறையப் புது இயக்குநர்கள் படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்கிறார்கள். சிங்க் சவுண்ட் எனும் இந்த முறையில் ப்ராம்ப்டர் வாய் திறந்தால் அவர் குரலும் சேர்ந்து பதிவாகும், அதனால் அவருக்கு வேலையே இல்லை. வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை கண். அடுத்த வரிக்காகக் காத்திருக்கும் கண்ணில் ஒரு வெறுமை வரும். சீரியலில் அது தெரியாது, பெரிய திரையில் அப்பட்டமாகத் தெரியும். தினமும் ஒரு பக்கம் மனப்பாடம் செய்யுங்கள். படிக்கும்போது உணர்ச்சி போடாமல், நடந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ சொல்லிப் பழகுங்கள். கை வேறு வேலை செய்யும்போதும் வரி தடுக்காமல் வந்தால்தான் அது உண்மையில் மனப்பாடம்.

இனி சீரியலா சினிமாவா என்ற கேள்வி. இரண்டும்தான். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு.

சீரியல் உங்களுக்கு மாதச் சம்பளம். சீரியல் முகம் என்று முத்திரை விழுந்துவிடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். கதாநாயகர்களுக்கு அந்தப் பயம் இருக்கலாம், நமக்கு எதற்கு? வால்டர் பிரென்னன் என்று ஒரு ஹாலிவுட் நடிகர். ஆஸ்கரில் துணை நடிகர் விருது 1936-ஆம் வருடப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் விருதே அவருக்கு, அடுத்து 1938, 1940 படங்களுக்கும் அவருக்கே. அப்படிப்பட்டவர் 1957-இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வந்து 1963 வரை தாத்தாவாக நடித்தார். உங்களுக்கு வந்திருப்பதும் தாத்தா வேடம்தானே! தென்கொரியாவின் யுன் யோ-ஜங் அமெரிக்காவிலிருந்து நாடு திரும்பி, இரண்டு மகன்களை வளர்ப்பதற்காகத் தொலைக்காட்சியில் கிடைத்த சின்னச் சின்ன வேடங்களையும் ஏற்றவர். 2021-இல் துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியபோது அவருக்கு 73 வயது. நம் எம்.எஸ். பாஸ்கர் டப்பிங், சீரியல், சினிமா மூன்றிலும் உழன்றவர். 2023-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் சிலவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். மாதம் 15 நாள் என்றால் எந்த 15 நாள்? ஒரே தொகுப்பாக என்றால் மீதி நாட்களை வேறு படத்துக்குக் கொடுக்கலாம். அங்கொன்று இங்கொன்று என்று சிதறிக் கிடந்தால் அது 15 நாள் இல்லை, முழு மாதம். அழைத்துவிட்டு எடுக்காத நாளுக்குச் சம்பளம் உண்டா? உங்கள் டிராக், அதாவது கதையில் உங்கள் பகுதி, முடிந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள்? சீரியல் தாத்தாக்கள் திடீரென்று வெளியூர் போய்விடுவார்கள், சில சமயம் நேராக மேலுலகமே போய்விடுவார்கள். எபிசோட் எழுதி வந்த அன்றுதான் அவர்களுக்கே தெரியும். இன்னொன்று, உங்கள் முகத்தையும் குரலையும் கணினியில் பதிவு செய்து, நீங்கள் இல்லாமலே பயன்படுத்தும் உரிமை என்று ஒப்பந்தத்தில் ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க நடிகர்கள் 2023-இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். இருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மாட்டோம் என்றால், எதற்கு, எவ்வளவு காலம், என்ன சம்பளம் என்றாவது எழுதச் சொல்லுங்கள்.

புதுப் படத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கு நான்கு காட்சிகள் காரணம் இல்லை. அந்த இயக்குநருக்குக் கீழே ஐந்தாறு உதவி இயக்குநர்கள் இருப்பார்கள். 24, 25 வயதுப் பிள்ளைகள். அடுத்த பத்து வருடத்தில் அவர்களில் இரண்டு பேராவது படம் எடுப்பார்கள், மற்றவர்கள் வேறு வேறு விவாத அறைகளில் உட்கார்ந்திருப்பார்கள். போன 15 பேர் இடத்துக்கு நீங்கள் ஆள் சேர்க்க வேண்டிய இடம் இதுதான். அதற்காக அவர்களைக் கூப்பிட்டு வைத்து, "அந்தக் காலத்தில் நாங்கள்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஷாட் இல்லாத நேரத்தில் வேனுக்குள் போய் உட்காராமல் கண்ணில் படும் இடத்தில் இருங்கள். அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் யாராவது குறும்படம் எடுக்கிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், நல்ல கதையாக இருந்தால் ஒரு நாள் கொடுங்கள். சம்பளம் வராது, பரவாயில்லை. எல்லோருக்கும் கொடுக்காதீர்கள், வருடத்துக்கு இரண்டு போதும். இலவசமாக வருகிற மனிதர் என்று பெயர் பரவிவிட்டால் அதுவும் ஆபத்து.

பெயர் யாருக்கும் தெரியவில்லை என்ற வருத்தத்தை எப்படி ஆற்றுவது என்று எனக்குத் தெரியாது. ஹாலிவுட் நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் முப்பது வருடம் போல ஓரமாக நடித்துவிட்டு, 1984-இல் 58 வயதை ஒட்டித்தான் முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். அவரோ எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருந்தால் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதியே எழுதி வைத்தார். ஹாலிவுட் நடிகை தெல்மா ரிட்டர் ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒரு முறைகூட வாங்கவில்லை. அவர் சினிமாவுக்கு வந்ததே 45 வயதில். விருது வாங்கியவர்களைப் பற்றி மேலே சொன்னேன் என்பதற்காக உங்களுக்கும் ஒன்று வரும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு வருவது அடுத்த ஷெட்யூல்தான்.

மகன் சொன்னதில் ஒரு பாதி சரி. உடம்பை முழுக்கப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கண்ணும் காதும். காது மங்கியதால் க்யூ தவறவிட்ட ஒருவரை, வசனம் மறக்கிறவர் என்று ஒதுக்கியதைப் பார்த்திருக்கிறேன். இரவு ஷூட்டிங் வேண்டாம் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள். மற்றபடி ஓய்வு பற்றி நான் என்ன சொல்ல? டெல்லி கணேஷ் விமானப் படையில் இருந்து, நாடகம் வழியாக வந்து, 400-க்கும் மேற்பட்ட படங்கள் நடித்தவர். 2024-இல் 80 வயதில் மறைந்தார், அந்த வருடமும் அவர் நடித்த படம் வெளியானது. உங்கள் மகனுக்கு வேறு கவலைகள் இருக்கலாம், அதை அவரிடமே கேளுங்கள்.

அந்தப் புது இயக்குநர் நான்கு காட்சி என்றார் அல்லவா? அதில் எத்தனை காட்சியில் உங்களுக்கு வசனமே இல்லை என்று கேட்டீர்களா? கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். ஒன்றாவது அப்படி இருந்தால், சீரியல்காரர்களிடம் தேதி பேசும்போது அந்தக் காட்சியின் நாளை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.